ஜனாதிபதி முறையை ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கினம்: எங்கயிருந்து தொடங்குறது?

வெள்ளவத்தை மது | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கிழமை நாளில கொள்ளுப்பிட்டியில ஒரு கணக்காய்வு நிறுவனத்தில வேலை, சனி ஞாயிறில வெளிவாரிப் பட்டப்படிப்பு. அரசறிவியல் பாடத்துக்கு ஒப்படை ஒண்டு தந்திருக்கினம்: "இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஏனைய ஜனநாயக நாடுகளின் அரசாங்க முறைகளுடன் ஒப்பிட்டு ஆராய்க."

அமெரிக்கா, பிரான்ஸ், இலங்கை எண்டு மூண்டு நிரல் போட்டு அட்டவணை கீறினன். பதவிக்காலம், தெரிவு செய்யிற முறை, குற்றப்பிரேரணை, அமைச்சரவை எண்டு கட்டம் கட்டமா நிரப்பியாச்சு. முடிச்சுப் பாத்தால் உயர்தரத்தில ரியூசன் சேர் தந்த குறிப்பு மாதிரியே கிடக்கு. ஒற்றுமை ஆறு, வேற்றுமை எட்டு. சரி, இதில இருந்து என்ன விளங்கினது எண்டு என்னை நானே கேட்டால் பதில் இல்லை. எங்க பிழை விட்டனான்?

கொட்டாஞ்சேனை குமார் | சனி, இரவு 10.05

ஒப்பிட என்ன இருக்கு தங்கச்சி. வெள்ளைக்காரன் தந்த முறையையும் கெடுத்தம், பிரெஞ்சுக்காரனைப் பாத்துக் கொண்டுவந்ததையும் கெடுத்தம். எந்த யாப்பு வந்தாலும் உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் இவையள்தானே. சட்டியை மாத்தினால் கறி ருசிக்குமோ? இதை ஒரு பந்தியில எழுதிக் குடுத்திட்டு நித்திரை கொள்ளுங்கோ.

பழைய எழுதுவினைஞர் | ஞாயிறு, காலை 6.15

பிள்ளை, அட்டவணையைக் கிழிச்சுப் போடுங்கோ. அமெரிக்கா, பிரான்ஸ் எண்டு நாட்டின்ர பேரை ஒப்பிட்டால் அட்டவணைதான் வரும். ஒரு அதிகாரத்தை எடுங்கோ. அது ஒவ்வொரு இடத்திலயும் யாற்ற கையில கிடக்கு, அவர் அதைப் பாவிக்கேக்க யார் மறிக்கலாம் எண்டு தேடுங்கோ. நான் 34 வருசம் திணைக்களத்தில கோப்பு எழுதினவன். சுற்றறிக்கையில தலைப்பு என்னவும் இருக்கட்டும், "அங்கீகரிப்பவர்" எண்ட கட்டத்தில யாற்ற கையெழுத்து எண்டதைத்தான் நாங்கள் முதல்ல பாக்கிறது.

1978 யாப்பை டி கோலின்ர பிரான்சோட சேத்து வைச்சுப் பாத்தவர் எங்கட ஏ. ஜெயரட்ணம் வில்சன். செல்வநாயகத்தின்ர மருமகன், அரசறிவியல் பேராசிரியர். அந்த ஒப்பீடு வெளித்தோற்றத்துக்குச் சரிதான். ரெண்டு இடத்திலயும் சனம் நேரா வாக்குப் போட்டு ஜனாதிபதியைத் தெரியுது (பிரான்சில அது 1962 சர்வசன வாக்கெடுப்புக்குப் பிறகு வந்தது). ரெண்டிலயும் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல ஒரு பிரதமர் இருக்கிறார்.

இப்ப ஒரு இக்கட்டான நேரத்தை எடுப்பம். ஜனாதிபதி ஒரு கட்சி, பாராளுமன்றப் பெரும்பான்மை எதிர்க்கட்சியிட்ட. பிரான்சில இது மூண்டு தரம் நடந்தது: 1986 இல மித்தராந்துக்கு எதிரா ஷிராக் பிரதமர், 1993 இல பலதூர், 1997 இல ஷிராக் ஜனாதிபதியா இருக்க ஜோஸ்பன் பிரதமர். அந்தக் கடைசி ஐஞ்சு வருசம் ஓடினது. ஜனாதிபதி பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம் எண்டு ஒதுங்க, உள்நாட்டைப் பிரதமர் நடத்தினார். சண்டை பிடிச்சினம், ஆனா அரசாங்கம் உடையேல்ல.

இங்க 2001 டிசம்பரில சந்திரிகா ஜனாதிபதி, ரணில் பிரதமர். 2003 நவம்பரில பிரதமர் வாஷிங்டனில நிக்கேக்க ஜனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டலுவல், ஊடகம் எண்டு மூண்டு அமைச்சையும் தன்ர கைக்கு எடுத்தா. 2004 பெப்ரவரியில பாராளுமன்றம் கலைஞ்சது.

ஏன் ரெண்டு முடிவு? ஜனாதிபதிக்குக் கலைக்கிற அதிகாரம் இருந்ததாலையோ? இல்லை. மித்தராந்துக்கும் அது இருந்தது, 1988 இல திரும்பத் தெரிவானவுடன அதைப் பாவிச்சவர். ரெண்டு இடத்திலயும் இருக்கிற ஒண்டை வித்தியாசத்துக்குக் காரணமாக் காட்டேலாது. (இந்த ஒரு வசனத்தை ஒப்படையில எழுதினாலே விரிவுரையாளர் நிமிர்ந்து பாப்பார்.) வித்தியாசம் வேற இடத்தில கிடக்கு. பிரான்சில அமைச்சர்மாரை ஜனாதிபதி நியமிக்கிறது பிரதமரின்ர பிரேரணையில. ஜனாதிபதி கையெழுத்து வைக்கிற பெரும்பாலான ஆவணத்தில பிரதமரும் கூட வைக்கோணும். பிரதமர் தானா இராஜினாமாக் கடிதம் குடுத்தால்தான் ஜனாதிபதி அவரை விடுவிக்கலாம். எங்கட 1978 யாப்பில ஜனாதிபதியே அரசாங்கத்தின்ர தலைவர், அமைச்சரவையின்ர தலைவர், விரும்பின அமைச்சைத் தானே வைச்சிருக்கலாம். மூண்டு அமைச்சை எடுக்க அவவுக்கு வேற ஒருத்தற்ற கையெழுத்தும் தேவைப்படேல்ல.

நூலகத்துப் பூனை | ஞாயிறு, காலை 10.30

ஐயாவின் பதிவை ரசித்தேன். ஆனால் ஓர் ஆட்சேபம் உண்டு. 2003 இல் இங்கே சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒக்டோபர் 31 அன்று புலிகள் இடைக்கால நிர்வாக யோசனையைக் கையளிக்கிறார்கள், சில நாட்களில் அமைச்சுகள் பறிபோகின்றன. மித்தராந்துக்கும் ஷிராக்குக்கும் இடையே போர் நிறுத்தமா இருந்தது? யாப்பும் வேறு, சூழலும் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் மாறும்போது முடிவுக்குக் காரணம் யாப்புதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

பிரான்ஸைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். 2024 இல் மக்ரோன் சபையைக் கலைத்தார், யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை வந்தது. டிசம்பர் 4 அன்று பிரதமர் பார்னியேயின் அரசாங்கம் நம்பிக்கையில்லாப் பிரேரணையில் விழுந்தது. 1962 க்குப் பிறகு அங்கே அப்படி விழுந்த முதல் அரசாங்கம் அது. அடுத்தவர் பய்ரூ 2025 செப்டம்பரில் போனார்.

பழைய எழுதுவினைஞர் | ஞாயிறு, முற்பகல் 11.20

நல்ல அடி. ஏற்றுக்கொள்ளுறன். அப்ப யுத்தம் இல்லாத இன்னொரு தரத்தை எடுத்துச் சோதிப்பம். அது எங்களிட்டயே இருக்கு: 2018.

19 ஆம் திருத்தம் 2015 இல வந்து, நாலரை வருசத்துக்கு முதல் பாராளுமன்றத்தைத் தன் எண்ணத்துக்குக் கலைக்கேலாது எண்டு ஜனாதிபதியின்ர கையைக் கட்டினது. பிரதமரைத் தூக்கிற பழைய வாசகத்தையும் எடுத்துப்போட்டுது. அப்பிடியிருந்தும் 2018 ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரி ரணிலை நீக்கினார், மகிந்த பிரதமர். நவம்பர் 9 கலைப்பு. யுத்தம் முடிஞ்சு ஒன்பது வருசம், அதே பழக்கம்.

ஆனா இந்தத் தரம் முடிவு வேற. டிசம்பர் 13 உயர் நீதிமன்றத்தின்ர ஏழு நீதியரசர்மாரும் ஒருமனதாக் கலைச்சது செல்லாது எண்டினம், 16 ஆம் திகதி ரணில் திரும்பப் பதவியேற்றார். ஆக்கள் செய்த வேலை ஒண்டுதான், 2004 இல மறிக்க ஆளில்லை, 2018 இல மறிக்க ஒரு வாசகமும் ஒரு நீதிமன்றமும் இருந்தது. ஒரே நாடு, ஒரே பழக்கம், எழுத்து மட்டும் மாறினது. பிரான்சோட ஒப்பிடுறதைவிட இந்த ஒப்பீடு பலம் எண்டு நினைக்கிறன். ஒப்பீட்டு அரசியல் எண்டால் கட்டாயம் பாஸ்போட் எடுக்கோணும் எண்டில்லை.

வெள்ளவத்தை மது | ஞாயிறு, பகல் 12.10

ஐயா, 2018 நல்ல ஞாபகம். மிளகாய்த்தூள் எறிஞ்ச பாராளுமன்றம்! அப்ப எங்கட வீட்டில அப்பா தொலைக்காட்சியை நிப்பாட்டவே விடேல்ல. ஒரு சந்தேகம். நவம்பர் 14 இல மகிந்தவுக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினதுதானே, பிறகும் ஏன் ஒரு மாதம் இழுபட்டது?

நூலகத்துப் பூனை | ஞாயிறு, பகல் 12.45

உங்கள் ஒப்படையின் இதயமே இந்தக் கேள்விதான் என்பேன். எங்கள் பிரேரணை ஒருவரை விழுத்தும், இன்னொருவரை அமர்த்தாது. அமர்த்தும் வேலை ஜனாதிபதியிடம் இருந்தது, அவர் மாட்டேன் என்றார்.

ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டத்தில் 67 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். அங்கே சான்சலரை (எங்கள் பிரதமர் போன்றவர்) நீக்க வேண்டுமானால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தெரிவு செய்தாக வேண்டும். ஹிட்லருக்கு முந்திய வைமார் குடியரசுக் காலத்தில் நாசிகளும் கம்யூனிஸ்டுகளும் அரசாங்கத்தை விழுத்துவதில் ஒன்றுசேர்வார்கள், அமைப்பதில் ஒருபோதும் சேரமாட்டார்கள். அந்தக் காயத்துக்குக் கட்டிய மருந்து இது. 1972 இல் பிரான்ட்டுக்கு எதிராக பார்ஸல் முயன்று இரண்டு வாக்குகளால் தோற்றார். 1982 ஒக்டோபர் 1 இல் ஷ்மிட் போய் கோல் வந்தார். இத்தனை ஆண்டுகளில் வெற்றி பெற்றது அந்த ஒரு தடவைதான். சபை தெரிவு செய்த ஆளைக் கூட்டாட்சி ஜனாதிபதி நியமித்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வழி இல்லை.

மருதானை நானா | ஞாயிறு, பின்னேரம் 4.30

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் ஜனாதிபதி, பிரதமர் கதையிலேயே நிக்கிறீங்க. எங்கட ஆக்களுக்கு முதல் கேள்வி வேற: நம்மட வாக்குக்கு எங்க விலை கெடைக்கும்?

1978 யாப்புல ஒரு மாவட்டத்துல 12.5 வீதம் எடுக்காத கட்சிக்கு ஆசனமே இல்ல. அஷ்ரப் சேர் அழுத்தி, 1988 இல 15 ஆம் திருத்தத்தால அது 5 வீதமாச்சு. அது இல்லாட்டி முஸ்லிம் காங்கிரஸுக்குப் பல மாவட்டத்துல கதவே தெறந்திருக்காது.

பூனை தம்பி ஜெர்மனி சொன்னாரே, அங்கேயும் 5 வீதம்தான். நம்பர் ஒண்டு, வேல வேற. அங்க அது முழு நாட்டுக்கும். நாட்டோட ஒரு மூலையில இருக்கிற சிறு கூட்டம் அந்த மதிலத் தாண்டவே ஏலாது. அதனால தேசிய சிறுபான்மைக் கட்சிகளுக்கு அந்த மதில் இல்லண்டு விலக்குக் குடுத்திருக்காங்க. டென்மார்க் எல்லையில வாழுற சிறுபான்மையோட கட்சி 2021 இல சுமார் 55 ஆயிரம் வாக்க வச்சு பெர்லினுக்கு ஒரு ஆள அனுப்பினாங்க. நம்ம நாட்டுல மாவட்ட அளவுங்கிறதால விலக்குத் தேவப்படல்ல, ஆனா சிதறி வாழுற ஆக்களுக்கு ஒண்டும் இல்ல. குருநாகல்ல இருக்கிற முஸ்லிமுக்கு இந்த 5 வீதத்தால என்ன லாபம்?

ஜனாதிபதி முறய எடுக்க வேணாம், அவருக்கு நம்மட வாக்குத் தேவப்படுமே எண்டு நம்மட பெரியவங்க கனகாலம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2019 இல நம்மட வாக்க நம்பாமலே 52.25 வீதத்தோட கோட்டாபய வந்ததுக்குப் பொறகு அந்தப் பேச்சு கொறஞ்சு போச்சு.

ஹட்டன் டு கொழும்பு | ஞாயிறு, இரவு 8.00

நானா சொன்னதோட இன்னொன்னு. மதில் உசரமா, தாழ்வாங்கறது அப்புறம். மொதல்ல வாக்காளர் இடாப்புல பேர் இருக்கணும்.

1947 தேர்தல்ல இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேர் ஜெயிச்சு வந்தாங்க. 1948 ல பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்குரிமையும் போச்சு. 1952 ல ஒருத்தர் கூட இல்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத பாதி என்னன்னா, தொகுதி பிரிக்கும்போது சனத்தொகைய எண்ணினாங்க, அதுல நம்ம ஆளுகளையும் சேர்த்து எண்ணினாங்க. தலைக்கு எண்ணிக்கை உண்டு, கைக்கு வாக்குச்சீட்டு கிடையாது. மலையகத்துல அந்தக் கூடுதல் ஆசனத்தையெல்லாம் வாக்கு இருந்தவங்க எடுத்துக்கிட்டாங்க.

அமெரிக்காவோட 1787 யாப்புல அடிமைகள அஞ்சுல மூணு பங்கா எண்ணினாங்க. வாக்கு இல்லாத மனுசன எண்ணி, அவன ஒடுக்குறவனுக்கு ஆசனம் கூட்டிக் குடுத்த கணக்கு. இங்க முழுசா ஒண்ணுன்னு எண்ணினாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். மது அக்கா, அமெரிக்கான்னு நிரல் போட்டீங்கல்ல, அதுல ஜனாதிபதிய விட்டுட்டு இதப் போடுங்க.

கொட்டாஞ்சேனை குமார் | ஞாயிறு, இரவு 8.40

ஹட்டன் தம்பி சொன்னது மனசில தைச்சது. எனக்கு அந்தப் பாதி தெரியாது.

ஆனா என்ர கேள்வி அப்பிடியே நிக்குது. சட்டி மாத்தி என்ன கண்டம்?

பழைய எழுதுவினைஞர் | திங்கள், காலை 6.05

குமார் தம்பி, உமக்கு ஒரு கணக்கு. அப்ப விகிதாசாரம் இல்லை, தொகுதிக்குத் தொகுதி கூட வாக்கு எடுத்தவருக்குத்தான் ஆசனம். 1970 இல ஐக்கிய தேசியக் கட்சிக்குத்தான் கூட வாக்கு, ஏறக்குறைய 38 வீதம். கிடைச்சது 151 இல 17 ஆசனம். ஏழு வருசம் கழிச்சு அதே கட்சி 51 வீதம் எடுத்து 168 இல 140 ஐ அள்ளினது. ஏறக்குறைய 30 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு எட்டு. ஏழு வீதமும் இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு, அதால அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர்.

அந்த 51 வீதத்தை விகிதாசாரத்தில பிரிச்சுப் பாரும். 86 ஆசனம் வரும். ஆறில் ஐஞ்சு இல்லை, அரைவாசிக்குக் கொஞ்சம் மேல. 86 பேரை வைச்சு ஜே.ஆர். தனிய ஒரு யாப்பை மாத்தியிருப்பாரோ? அதே ஆக்கள், அதே வாக்கு. கறி மாறியிருக்கும். இப்ப சொல்லும், சட்டி ஒண்டும் செய்யாதோ?

பிரிட்டனில இந்தச் சட்டி இன்னும் அடுப்பில இருக்கு. 2024 இல தொழிற்கட்சிக்கு 33.7 வீத வாக்கு, 650 இல 411 ஆசனம்.

கொட்டாஞ்சேனை குமார் | திங்கள், காலை 7.15

பஸ்ஸில நிண்டு எழுதுறன் ஐயா, பிழை இருந்தால் மன்னிக்கோணும். விகிதாசாரம் வந்தால் ஒருத்தருக்கும் மூண்டில ரெண்டு வராது எண்டுதானே சொன்னவை? 2024 நவம்பரில தேசிய மக்கள் சக்திக்கு 225 இல 159. சட்டி மாறியும் அதே கறி.

நூலகத்துப் பூனை | திங்கள், காலை 9.00

குமாருக்கு இந்தச் சுற்றில் வெற்றி, ஆனால் அரைவாசி. 159 என்ற எண்ணை வைத்தே ஒரு வேடிக்கை சொல்கிறேன். அதே 2024 இல் தென்னாபிரிக்காவில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் கிடைத்தது 159. ஆனால் அது 400 இல் 159. வாக்கு 40.18 வீதம், ஆசனம் 39.75 வீதம். வாக்கும் ஆசனமும் ஒட்டி நிற்கின்றன, கூட்டாளி தேட வேண்டி வந்தது. எங்களிடம் 61.56 வீத வாக்கு, 70 வீதத்துக்கு மேல் ஆசனம்.

இரண்டுக்கும் பெயர் விகிதாசாரம். அங்கே முழு நாட்டு வாக்கையும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிறார்கள், வெட்டுப்புள்ளி கிடையாது. இங்கே 196 ஆசனங்கள் 22 மாவட்டங்களாக உடைகின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலாவதாக வந்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம், பிறகுதான் மிச்சப் பங்கு. எல்லா இடத்திலும் முதலாவதாக வருகிற கட்சிக்கு இது சின்னத் தொகை அல்ல. ஜே.ஆர். தன் கட்சி என்றும் முதலாவது என்று நம்பி வைத்த போனஸ் அது என்பது என் ஊகம்.

தேர்தல் நாட்காட்டியையும் மறக்க வேண்டாம். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 42.31 வீதம் எடுத்தவருடைய கட்சி இரண்டு மாதத்தில் 61 க்குப் போகிறது. பிரான்சில் 2017 இல் ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில் 24 வீதம் எடுத்த மக்ரோனின் புதுக்கட்சி இரண்டு மாதத்துக்குள் 577 இல் 308 ஆசனங்களைப் பிடித்தது. வென்ற மணமகன் ஊர்வலம் போகும்போதே அடுத்த தேர்தலை வைத்தால் சனம் பின்னால் போகும்.

வெள்ளவத்தை மது | புதன், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. அட்டவணையைக் கிழிச்சிட்டன். இப்ப ஒப்படை ஒரே ஒரு கேள்வி: பிரதமரை யார் அமர்த்திறது, யார் தூக்கிறது. 2003, 2018, பிரான்ஸ் 1986, ஜெர்மனி 1982. அமெரிக்காவில பிரதமரே இல்லை, அதால அந்த நிரலை வெட்டிட்டன். ஹட்டன் தம்பி, உங்கட விசயம் ஜனாதிபதிக் கேள்விக்குள்ள அடங்கேல்ல, அடுத்த தவணை பிரதிநிதித்துவம் பற்றி எழுத இருக்கு, அதுக்கு வைச்சிருக்கிறன். விடமாட்டன்.

ஒரு கேள்வி பாக்கி. விரிவுரையாளரிட்ட கேட்டன், "உள்ளூராட்சியை ஏன் இழுக்கிறீர்" எண்டார். எங்கட கொழும்பு மாநகர சபையை எதோட ஒப்பிடலாம்? 2025 மே 6 தேர்தல். 117 பேரில தேசிய மக்கள் சக்திக்கு 48. பெரும்பான்மைக்கு 59 வேணும். ஜூனில மேயரைத் தெரிவு செய்ய இரகசிய வாக்கெடுப்பு வைச்சு, அந்தக் கட்சியின்ர ஆள் 61 க்கு 54 எண்டு வெண்டா.

பழைய எழுதுவினைஞர் | வியாழன், காலை 6.10

பிள்ளை, பேர்லினோட ஒப்பிடுங்கோ, பகிடிக்குச் சொல்லேல்ல. நீங்கள் கொழும்பில வாக்குப் போட்ட அதே மே 6 இல ஜெர்மன் சபையில மெர்ஸை சான்சலராத் தெரிவு செய்ய வாக்கெடுப்பு. அங்கயும் இரகசியம். அவரின்ர கூட்டணிக்கு 328 பேர், தேவை 316. முதல் சுற்றில கிடைச்சது 310. சான்சலர் வேட்பாளர் முதல் சுற்றில விழுந்தது யுத்தத்துக்குப் பிந்திய ஜெர்மனியில அதுதான் முதல் தரம். பின்னேரம் ரெண்டாம் சுற்றில 325 எடுத்துத்தான் பதவியேற்றார். காலமை கையை விட்டது யார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

மருதானை நானா | வியாழன், காலை 6.50

அங்க 328 பேர வச்சு 310. இங்க 48 பேர வச்சு 61. ஒரே இரகசியப் பெட்டி!

கொட்டாஞ்சேனை குமார் | வியாழன், காலை 7.20

மது தங்கச்சி, வெட்டின அமெரிக்க நிரலில இதைப் போடுங்கோ. அந்தப் பதின்மூண்டு பேர் யார் எண்டு எங்கட வட்டார உறுப்பினரை நாளைக்கு விநாயகர் கோயிலடியில கண்டால் கேக்கிறன். சொல்லமாட்டார்தான், முகத்தைப் பாப்பம்.